மெமோவுக்கு அப்பால் தலைமை: செவிலியர்களுக்கான கேள்வி – பதில்

கேள்வி: நீண்ட காலம் பணியாற்றிய வார்டிலேயே அண்மையில் பொறுப்புச் செவிலியராக உயர்த்தப்பட்டிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் ‘உருமாற்றத் தலைமைத்துவம்’ குறித்து நிறையப் பேசினார்கள். ஆனால் டியூட்டி பட்டியல் போடுவதிலும், திடீர் விடுப்புகளைச் சமாளிப்பதிலும், மருந்து இருப்பைச் சரிபார்ப்பதிலுமே என் நாள் கழிந்துவிடுகிறது. இதற்கிடையே அந்தத் தலைமைக்கு இடம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, நீங்கள் அலுத்துக்கொள்ளும் அந்த டியூட்டி பட்டியலிலேயே அது தொடங்குகிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் 1978இல், பணிக்குப் பலன், தவறுக்குத் தண்டனை என்ற கொடுக்கல்வாங்கல் தலைமையையும், தலைவரும் உடன் இருப்பவர்களும் ஒருவரையொருவர் உயர்த்திக்கொள்ளும் உருமாற்றத் தலைமையையும் பிரித்துக் காட்டினார். உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் 1985இல் இந்தக் கருத்தை விரிவுபடுத்தியபோது, முதல் வகையைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் மேல்தான் இரண்டாவதைக் கட்ட முடியும் என்றார். இரவுப் பணியை ஒருவர் தலையிலேயே தொடர்ந்து சுமத்தும் பொறுப்பாளர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அவரது பேச்சுக்கு வார்டில் மதிப்பிருக்காது.

பாஸும் அவரைப் பின்பற்றிய ஆய்வாளர்களும் இத்தலைமைக்கு நான்கு கூறுகளைச் சொல்வார்கள்: முன்மாதிரியாக நடத்தல், பணியின் நோக்கத்தை உணர்த்தி ஊக்குவித்தல், கேள்வி கேட்கவும் புதிதாகச் சிந்திக்கவும் தூண்டுதல், ஒவ்வொருவரையும் தனித்தனியே அறிந்து வளர்த்தல். முதல் இரண்டைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வார்டில் பெரும்பாலும் கைவிடப்படுவது மூன்றாவதுதான் என்பது என் எண்ணம். பணி ஒப்படைப்பின்போது ஓர் இளைய செவிலியர், “இந்த மருந்தின் அளவு அதிகமாகத் தெரிகிறதே” என்று சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் விலையை நோயாளிதான் கொடுக்க நேரும்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அந்தக் குழுக்களில் பிழைகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேச முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். ஆகவே, உங்கள் வார்டில் பல மாதங்களாக ஒரு சம்பவ அறிக்கைகூட எழுதப்படவில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். முதலில் கொஞ்சம் கவலைப்படுங்கள். ஒருவர் தாமாக முன்வந்து பிழையைச் சொல்லும்போது நீங்கள் கேட்கும் முதல் கேள்வி ‘யார் செய்தது?’ என்பதா, ‘எப்படி நேர்ந்தது?’ என்பதா என்று மற்றவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். பெயர் ஒத்த இரு மருந்துகள் ஒரே தட்டில் இருந்தனவா, மருந்து கொடுக்கும் நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டியிருந்ததா என்று தேடினால், அடுத்த பிழையைத் தடுக்க வழி கிடைக்கும். வேண்டுமென்றே விதியை மீறியவருக்கு மெமோ கொடுக்கத்தான் வேண்டும். வேண்டுமென்றே செய்த மீறலையும் தவறுதலாக நேர்ந்த பிழையையும் பிரித்தறிவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பொது வார்டில் சில ஆண்டுகள் தன்னம்பிக்கையோடு பணியாற்றினேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிய பிறகு, பயிற்சி மாணவியைப் போல் தடுமாறுகிறேன். மேற்படிப்புதான் இதற்குத் தீர்வா?

பதில்: தடுமாற்றம் இயல்பானது. செவிலியரின் திறன், புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்வதாக அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரீஷியா பென்னர் 1984இல் விளக்கினார். அனுபவசாலியும்கூட, அறியாத துறைக்குள் நுழையும்போது புதியவராகவே தொடங்குவார் என்பது அவரது கருத்து. ஒரே மாதிரியான சூழலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பணியாற்றியவரையே அவர் மூன்றாம் படியான ‘தகுதி பெற்றவர்’ நிலையில் வைக்கிறார். எனவே சில வாரங்களில் உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

மேற்படிப்பு அடிப்படை அறிவை ஆழப்படுத்தும், பதவி உயர்வுக்கும் உதவும். ஆனால் மானிட்டரில் எண்கள் மாறும் முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்து ‘ஏதோ சரியில்லை’ என்று உணரும் திறன், படுக்கையருகே பார்த்ததை அலசி ஆராய்வதால் வருவது. வல்லுநர் நிலையை எட்டியவர்களுக்குத் தாங்கள் எதைக் கொண்டு முடிவெடுத்தோம் என்று விதிகளாகச் சொல்லத் தெரிவதில்லை. அவர்களிடம் ‘இதை எப்படிச் செய்வது?’ என்று கேட்பதைவிட, ‘நேற்று அந்த நோயாளியிடம் முதலில் எதைக் கவனித்தீர்கள்?’ என்று ஒரு நிகழ்வைச் சொல்லக் கேளுங்கள். அன்றாட ஐயங்களுக்கு, உங்களுக்கு ஓரிரு ஆண்டு முன்னால் அங்கு வந்தவர் பெரும்பாலும் இன்னும் நல்ல துணை. எங்கே தடுக்கி விழுவோம் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

கேள்வி: எங்கள் மேலாளர் சேவை, அர்ப்பணிப்பு என்று உணர்ச்சிபொங்கப் பேசுவார். பேசி முடித்ததும் ஆள் பற்றாக்குறையைக் காட்டி இன்னொரு ஷிப்டையும் பார்க்கச் சொல்வார். இதுவும் உருமாற்றத் தலைமைத்துவம்தானா?

பதில்: இல்லை. உடன் பணியாற்றுவோரின் நலனைப் பொருட்படுத்தாமல் அவர்களது நல்லெண்ணத்தை மட்டும் பயன்படுத்திக்கொள்வதைப் போலி உருமாற்றத் தலைமை என்று பாஸே பின்னாளில் பிரித்துச் சொன்னார். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகரிப்பதோடு தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. இதை எந்த ஊக்க உரையும் ஈடுகட்டாது.

தனியே முறையிட்டால் அது உங்கள் சோர்வாக மட்டுமே பார்க்கப்படலாம். எனவே ஒவ்வொரு ஷிப்டிலும் இருந்த செவிலியர் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், நேரம் போதாமல் விடுபட்ட பராமரிப்பு எது என்பதைச் சக பணியாளர்களோடு சேர்ந்து சில வாரங்கள் குறித்து வையுங்கள். அதை நோயாளிப் பாதுகாப்புப் பிரச்சினையாக எழுத்துமூலம் மேலாளரிடம் கொடுங்கள். அவர் உண்மையான தலைவராக இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தமக்கு மேலிருப்பவர்களிடம் உங்களுக்காகப் பேசப் போவார்.