மார்ஃபின் மரபணுவை மாற்றுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வலி மருந்துகளைப் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்து மூளைக்குள் போய் மரபணுவையே மாற்றிவிடுமா? சிலர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள், சிலர் பரீட்சைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு மருந்தகத்தில் தினமும் இந்த மருந்துகளை எடுத்துக் கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"அக்கா, ஹெராயின் டிஎன்ஏவை மாற்றிவிடும் என்று நண்பன் சொல்கிறான். அப்படியென்றால் அது பிள்ளைகளுக்கும் போகுமே?" (தொடக்கக் கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை தம்பி, எதை வாசிப்பது என்பதுதான் மாறுகிறது. தேக்காவில் சேலைக் கடைக்குப் போயிருப்பாய். அலமாரி நிறையச் சேலை மடித்து அடுக்கியிருக்கும், ஆனால் கடைக்காரர் எடுத்து விரித்துப் போடுவதை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். நம் செல்களுக்குள்ளும் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் டிஎன்ஏ சுற்றிக் கிடக்கிறது, சுற்று தளர்ந்த இடத்தை செல் வாசிக்கும், இறுகிய இடத்தை விட்டுவிடும். கல்லீரலுக்கும் மூளைக்கும் ஒரே அலமாரிதான், விரித்துப் போட்ட சேலைகள்தான் வேறு.

மார்ஃபின் நேராகப் போய் டிஎன்ஏவைத் தொடுவதும் இல்லை. நரம்பு செல்லின் மேற்பரப்பில் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் மியூ ஏற்பி என்ற புரதத்தில் உட்காருகிறது, அங்கிருந்து கிளம்பும் செய்தி கைமாறிக் கைமாறி, டிஎன்ஏ இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேர்கிறது. ஹெராயினும் உடம்புக்குள் போனதும் பெரும்பாலும் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. தினமும் ஒரே செய்தி வந்துகொண்டிருந்தால் சில சேலைகள் மடிக்கப்படாமல் விரித்தபடியே கிடக்கும், சில அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் தாய் இந்த மருந்துகளை எடுத்தால் பிறந்த குழந்தை நடுங்கும், ஓயாமல் அழும். அது மருந்து தொப்புள்கொடி வழியாகப் போனதால் வருவது, பரம்பரை அல்ல. எலிகளில் அடுத்த தலைமுறையின் நடத்தையிலும் சில மாற்றங்களைப் பார்த்திருக்கிறார்கள். அதை அப்படியே மனிதர்கள் மேல் ஏற்றிச் சொல்ல நான் தயாரில்லை.

"அம்மாவுக்கு 71 வயது, புற்றுநோய். வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி மார்ஃபின் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி 'அடிமையாகிவிடுவார், வேண்டாம்' என்கிறார்." (பொங்கோல்)

கொடுங்கள். தாதி சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்கு, வலி ஏறும்வரை காத்திருக்காமல் கொடுங்கள். இந்தக் கேள்வி எத்தனை முறை வந்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது, ஏனென்றால் இந்தப் பயத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நாளாக நாளாக மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரலாம், அது உடம்பு பழகுவது. சட்டென்று நிறுத்தினால் வியர்வையும் படபடப்பும் வரும், அது உடம்பு சார்ந்திருப்பது. இந்த இரண்டும் ஒழுங்காக மருந்து எடுக்கிற யாருக்கும் வரக்கூடியவை. கேடு தெரிந்தும் விட முடியாமல் மருந்தைத் தேடி அலைவது மூன்றாவது, அதுதான் அடிமைப்பழக்கம். வலிக்காகச் சரியான கண்காணிப்பில் எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் அது அரிது.

முதல் இரண்டுக்கும் காரணம் செல்லின் ஈடுகட்டல். மார்ஃபின் செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளைக் குறைக்கிறது, செல் அதைச் சமாளிக்க அந்தத் தூதுப்பொருளைச் செய்யும் நொதியைக் கூடுதலாகத் தயாரிக்கிறது, கிரெப் என்ற புரதம் சில மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டே இருக்க உள்ளே இருப்பவர் முட்டுக் கொடுக்கிற மாதிரி. வெளியே இருப்பவர் திடீரென்று விலகினால் உள்ளே இருப்பவர் குப்புற விழத்தானே செய்வார்? அதனால்தான் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மலச்சிக்கலுக்கும் மறக்காமல் மருந்து கேட்டு வாங்குங்கள், மார்ஃபினின் மற்ற தொல்லைகளுக்கு உடம்பு பழகினாலும் இதற்குப் பழகவே பழகாது.

"தம்பி போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்து 14 மாதம் ஆகிறது. சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் சுத்தம். ஆனாலும் பழைய புளோக் பக்கம் போனால் கை நடுங்குகிறது என்கிறான். உடம்பில்தான் மருந்து இல்லையே, நடிக்கிறானா?" (பெயர் வேண்டாம், யீஷூன்)

நடிக்கவில்லை அம்மா. மருந்து உடம்பை விட்டுப் போவதற்கு ஒரு கணக்கு, அது செய்துவிட்டுப் போன மாற்றம் கலைவதற்கு வேறு கணக்கு.

ஹெராயின் சில நாளில் வெளியேறிவிடும். உடம்பு முறுக்கல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இவற்றின் உச்சமும் ஓரிரு வாரத்தில் தணியும். ஆனால் மூளையின் பரிசு மையமான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸில் டெல்டா ஃபாஸ்பி என்ற ஒரு புரதம் சேர்ந்துகொண்டே வந்திருக்கும். அந்தக் குடும்பத்துப் புரதங்களில் மற்றவை சில மணி நேரத்தில் அழிந்துவிடும், இது மட்டும் வாரக்கணக்கில் தங்கும், தங்கியிருந்து எந்த மரபணு எவ்வளவு வாசிக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும். இந்தப் புரதம் அதிகமாகச் சுரக்கும்படி வளர்த்த எலிகளுக்கு மார்ஃபின் மேல் ஈர்ப்புக் கூடியது, வலி போக்கும் குணம் குறைந்தது, மருந்தைச் சார்ந்திருப்பதும் கடுமையானது.

சரி, அதுவும் சில வாரத்தில் போய்விடுமே, 14 மாதம் எப்படி? ஹிஸ்டோன் மேல் ஒட்டி, சுற்றைத் தளர்த்தியோ இறுக்கியோ வைக்கும் ரசாயனக் குறிகளும், நரம்புகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட இணைப்புகளும் அதைவிட நீண்ட காலம் நிற்கக்கூடியவை. நியூயார்க்கில் மூளை ஆராய்ச்சியாளர் யாஸ்மின் ஹர்டின் குழு, ஹெராயின் பழக்கத்தோடு இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2017இல் எழுதியது. நரம்புகளுக்கிடையே குளுட்டமேட் என்ற தூதுப்பொருளின் செய்தியைக் கடத்தும் மரபணுக்களைச் சுற்றியுள்ள ஹிஸ்டோன்கள் அளவுக்கு மீறித் தளர்ந்து கிடந்தன, பயன்படுத்திய ஆண்டுகள் கூடக் கூட அந்தத் தளர்வும் கூடியிருந்தது. அந்தக் குறிகளை வாசிக்கும் புரதத்தைத் தடுக்கும் ஒரு ரசாயனத்தைக் கொடுத்தபோது எலிகள் ஹெராயினைத் தேடுவது குறைந்தது. மருந்துக் கடைக்கு வரும் நிலையில் அது இன்னும் இல்லை, ஆனாலும் இந்த மாற்றத்தைக் கைவைத்துத் திருப்ப வழி இருக்கிறது என்று காட்டியதே எனக்குப் பெரிய நம்பிக்கை.

அந்தப் படிக்கட்டு, புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்த வாய்ட் டெக், அந்த மணி நேரம் எல்லாம் அவனுடைய பழைய பழக்கத்தோடு சேர்ந்தே பதிந்தவை. அங்கே போகாமல் இருப்பது கோழைத்தனம் இல்லை. முடிந்தால் வேறு வழியாக நடக்கச் சொல்லுங்கள், அவன் கூட நீங்களும் நடங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆசை இன்னும் இருக்கும், ஆனால் மருந்தைத் தாங்கும் பழக்கம் போயிருக்கும். சுத்தமாக இருந்து தவறுகிறவர்கள் பழைய அளவையே எடுத்து மூச்சு நின்று இறப்பது இதனால்தான். அப்படி எதுவும் நடந்து, எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவாக இருந்தால் யோசிக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். சாதாரண நாளில் பேச, மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது: 6732 6837.

"வெளிநாட்டில் மாற்று மருந்து தருகிறார்களாமே, இங்கே ஏன் இல்லை?" (உட்லண்ட்ஸ்)

இங்கேயும் இருந்தது. ஹெராயினுக்கு மாற்றாக, சபுடெக்ஸ் என்ற பெயரில் புப்ரெனார்ஃபின் 2002இல் வந்தது. நாக்கடியில் வைக்க வேண்டிய மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள், 2006 ஆகஸ்டில் அது சட்டத்தின் மிகக் கடுமையான ஏ பிரிவுப் போதைப்பொருள் ஆனது. நால்ட்ரெக்ஸோன் வேறு ரகம், ஏற்பியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், போதை தராது. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

"இந்தியர்களுக்கு வலி அதிகம் என்று ஒரு தாதி சொன்னார். கேலியா, உண்மையா?" (ஜூரோங் வெஸ்ட்)

கேலியாகச் சொல்லியிருந்தால் தப்பு. ஆனால் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. மியூ ஏற்பியின் மரபணுவில் 118ஆம் இடத்தில் சிலருக்கு ஏ எழுத்துக்குப் பதில் ஜி எழுத்து. இது மருந்தால் வருவதில்லை, பிறவியிலேயே இருப்பது. சிசேரியன் செய்துகொண்ட பெண்களைப் பற்றி இங்கே கேகே மருத்துவமனையில் செய்து 2008இல் வெளியான ஆய்வில், இரண்டு ஜி எழுத்து உள்ளவர்களுக்கு வலியும் அதிகம், அவர்கள் எடுத்துக்கொண்ட மார்ஃபினும் அதிகம். அந்த எழுத்து சீனர்கள், மலாய்க்காரர்கள், இந்தியர்கள் மூவரிடமும் நிறையவே உண்டு. ஆகவே இனத்தைப் பார்த்து யாருடைய வலியையும் கணக்குப் போட முடியாது. எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

"அப்படியானால் மரபணுச் சோதனை எடுத்து, பிள்ளை அடிமையாவானா என்று பார்க்கலாமா?" (அங் மோ கியோ)

வேண்டாம். ஒற்றை மரபணுவில் எழுதிவைத்த விஷயம் இல்லை இது. அந்தப் பணத்தில் பிள்ளையோடு எங்கேயாவது போய்வாருங்கள்.

"பல் பிடுங்கியபோது கொடுத்த கோடீன் மாத்திரை மிச்சம் இருக்கிறது. ஒன்பது வயது மகளுக்கு இருமல், பாதி கொடுக்கலாமா?" (செங்காங்)

கொடுக்கவே கூடாது. கல்லீரலில் ஒரு நொதி கோடீனை மார்ஃபினாக மாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதியின் மரபணு கூடுதல் பிரதிகளில் இருக்கும், கோடீன் மளமளவென்று மார்ஃபினாகிக் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடலாம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னதும் இப்படிப்பட்ட இறப்புகளைப் பார்த்துத்தான். உங்கள் மகளுக்கு அந்த மரபணு எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்கே மாத்திரையை எடுத்துக்கொண்டு வாங்கிய மருந்தகத்துக்குப் போய், எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள். இருமலுக்கு வெதுவெதுப்பான நீரில் தேன் போதும், ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.