கேளுங்கள்: கிளவுடும் கட்டளை வரியும்

கேள்வி: ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐயில் (அமேசான் கிளவுடின் கட்டளை வரிக் கருவி) சர்வர் பட்டியல் கேட்டால் காலியாக வருகிறது. பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது சார், எங்கே தப்பு?

பதில்: பட்டியல் சரிதான், நீங்கள் கேட்ட இடம்தான் வேறாக இருக்கும். சர்வர் பட்டியல் தரும் டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ் கட்டளை ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான், அதாவது அமேசானின் டேட்டா சென்டர்கள் இருக்கும் ஒரு வட்டாரத்தைத்தான், பார்க்கும். எந்த ரீஜன் என்று நீங்கள் சொல்லாவிட்டால், கான்ஃபிக் ஃபைலில் எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோனதை எடுத்துக்கொள்ளும். டிஸ்கிரைப்-ரீஜன்ஸ் தரும் பெயர்களை ஒரு ஷெல் லூப்பில் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) விட்டு ஒவ்வொன்றிலும் கேளுங்கள். அப்படியும் சர்வர் எதுவும் அகப்படவில்லையா, டிஸ்க்கைத் தேடுங்கள். சர்வரை டெர்மினேட் செய்தாலும், பிறகு இணைத்த இபிஎஸ் டிஸ்க் (அமேசான் வாடகைக்குத் தரும் டிஸ்க்) தானாகப் போகாது, ‘அவைலபிள்’ என்று உட்கார்ந்துகொண்டு காசு வாங்கும். டிஸ்க்கின் நகலான ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். அப்புறம் பப்ளிக் ஐபி, அதாவது இணையத்தில் சர்வரின் முகவரி: 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும், பயன்படுத்தினாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி, மணிக்கு 0.005 டாலர். வருஷம் முழுக்க விட்டால் ஒரு முகவரிக்கே 43 டாலருக்கு மேல்.

கேள்வி: டெஸ்ட் சர்வர் என்று நினைத்து லைவ் சர்வரை நிறுத்திவிட்டேன். ட்ரை-ரன் (நிஜமாகச் செய்யாமல் சோதிக்கும் வசதி) போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன்!

பதில்: வாங்க, நானும் அந்தக் கட்சிதான். இரண்டு டெர்மினல் ஜன்னல், இரண்டும் கருப்பு, ஒன்றில் அடிக்க வேண்டியதை மற்றதில் அடித்தேன். போன் அடிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. ட்ரை-ரன் இதற்கு உதவாது. ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவையான இசி2வில் அது பார்ப்பது உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை மட்டுமே (இருக்கிறது என்பதையும் எரர் வடிவத்தில்தான் சொல்லும், அது தனி வேடிக்கை). அது சரியான சர்வர்தானா என்று அதற்கு எப்படித் தெரியும்? எதையும் நிறுத்தும் முன் ‘நான் யார், எங்கே நிற்கிறேன்’ என்று கேட்டுவிடுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் எஸ்டிஎஸ் கெட்-காலர்-ஐடென்டிட்டி, மைக்ரோசாஃப்டின் அஷூரில் ஏஇசட் அக்கவுண்ட் ஷோ, கூகுளில் ஜிகிளவுட் கான்ஃபிக் லிஸ்ட், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் குப்சிடிஎல் கான்ஃபிக் கரண்ட்-கான்டெக்ஸ்ட். லைவ் அக்கவுண்டுக்குத் தனி ப்ரொஃபைல் (பெயர் வைத்துச் சேமித்த லாகின் அமைப்பு) வைத்து, டீஃபால்ட் ப்ரொஃபைலைக் காலியாகவே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி அடிப்பது எரிச்சல்தான், ஆனால் அந்த எரிச்சல்தான் கையை ஒரு நொடி நிறுத்தும். நான் லைவ் ஜன்னலின் பின்னணியையும் சிவப்பாக்கி வைத்திருக்கிறேன்.

கேள்வி: டெராஃபார்ம் (சர்வர்களை ஃபைலில் எழுதிவைத்து உருவாக்கும் கருவி) வந்த பிறகும் சிஎல்ஐ எதற்கு?

பதில்: பார்ப்பதற்கு. டெராஃபார்மில் உருவாக்கியதை சிஎல்ஐயில் போய் மாற்றினால் டெராஃபார்ம் கணக்கு வைத்திருக்கும் ஸ்டேட் ஃபைலும் நிஜமும் வேறு வேறாகிவிடும், அடுத்து டெராஃபார்ம் அப்ளை ஓட்டும்போது உங்கள் மாற்றம் காணாமல் போகலாம். என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டும் பிளானில் ‘ஃபோர்சஸ் ரீப்ளேஸ்மென்ட்’ என்று வந்தால் அந்த சர்வரை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறது என்று அர்த்தம். டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்சஸ் கீயை (கிளவுடுக்குள் நுழையும் ரகசியச் சாவி) கிட்டில் (கோடின் பழைய வடிவங்களையும் சேமிக்கும் கருவி) ஏற்றிவிட்டேன். அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன், போதும்தானே?

பதில்: போதாது. பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த வடிவத்தில், அது அப்படியே இருக்கிறது. முதலில் அந்தக் கீயை முடக்குங்கள், ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு.