வீட்டு இணையத்தோடு மொபைல் டேட்டாவையும் சேர்த்தால் வேகம் கூடுமா?

வீட்டு இணைப்பு இழுக்கிறது, மொபைல் டேட்டாவையும் சேர்த்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். ஆனால் 20 எம்பிபிஎஸ்ஸும் 10 எம்பிபிஎஸ்ஸும் சேர்ந்து ஒரே டவுன்லோடு 30-ல் வராது, ஏனென்றால் ஒரு டவுன்லோடு தொடங்கும்போது எந்த ஐபி முகவரியில் (ஒவ்வொரு இணைப்புக்கும் இணையத்தில் உள்ள அடையாள எண்) தொடங்கியதோ பொதுவாக அதிலேயேதான் முடியும். இரண்டு இணைப்பு ஏற்கும் ரவுட்டர் வாங்கினால் வேலைகள் பிரியும், அதாவது ஒருவர் படம் பார்ப்பது ஒரு வழியில், இன்னொருவரின் மீட்டிங் மறு வழியில். நிஜமாகவே இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமானால் இரண்டு வழியிலும் பிரிந்து போகும் டேட்டா துண்டுகளை மறுமுனையில் சேர்த்துத் தரும் ஒரு சர்வர் வேண்டும், அதற்குத் தனிச் சந்தா.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். லேப்டாப்பை ரவுட்டரில் லேன் கேபிளால் செருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளில் முழு வேகம் வந்தால் கோளாறு வைஃபையில்தான், வைஃபை அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5-க்கு மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும், சுவர் தாண்டும்போது மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் பலவீனமாகும்.

கேபிளிலும் மந்தமா? அப்புறம் என் யோசனை எளிது: பெரிய டவுன்லோடெல்லாம் வீட்டு இணைப்பில், முக்கியமான மீட்டிங் மட்டும் போனின் டேட்டாவில். போனை லேப்டாப்போடு யுஎஸ்பி கேபிளில் இணையுங்கள், ஹாட்ஸ்பாட்டைவிட நிலையாக இருக்கும், சார்ஜும் ஏறும். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னணியில் ஓடும் அப்டேட்டே டேட்டாவைத் தின்றுவிடும்.