புல் வெட்ட ரோபோ வந்தால் ஆளை நிறுத்தலாமா?

கேள்வி: காட்பாடி பக்கம் எங்கள் கல்யாண மண்டபத்தில் 25 சென்ட் புல்தரை இருக்கிறது. பராமரிக்க இரண்டு பேர். ரோபோ மெஷின் வாங்கினால் ஒருவரை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். 25 சென்ட் என்றால் சுமார் 1,000 சதுர மீட்டர். தள்ளு மெஷினில் வெட்டி, புல்லை வாரிப் போட இரண்டு மணி நேரம் ஆகும். வாரம் ஒருமுறை என்றால் மாதத்துக்கு எட்டு மணி நேரம். ரோபோ மிச்சப்படுத்துவது ஓர் ஆளின் ஒரு நாள் வேலையைத்தான். கோரை பிடுங்குவது, தண்ணீர் விடுவது, சுவரோரம் கத்தரிப்பது எல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஒரு நாளுக்காக ஒருவர் பிழைப்பில் கை வைப்பது நியாயமுமில்லை, லாபமுமில்லை.

வெட்டிய புல்லை யாராவது மாட்டுக்கு எடுத்துப் போகிறார்களா? அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரோபோ தினமும் நுனியை மட்டும் சீவிப் பொடியாகத் தரையிலேயே விட்டுவிடும். அது உரமாகும், மாட்டுக்கு ஒரு பிடிகூட மிஞ்சாது.

மண்டபத்தில் பெரிய தொல்லை, ரோபோ தாண்டாமலிருக்கப் புல்தரையைச் சுற்றிப் புதைக்கும் எல்லைக் கம்பிதான். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, ஓரிரு அங்குல ஆழத்தில் அது ஓடும். ஷாமியானா போடுகிறவர் கடப்பாரையை இறக்கினால் அறுந்துவிடும், மெஷின் நின்றுவிடும். அறுந்த முனைகளை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழையில் அரித்துப்போய்க் கோளாறு திரும்பும். ஈரம் புகாதபடி ஜெல் நிரப்பிய கனெக்டரைப் போடுங்கள். கம்பி போகும் வழியைச் சுண்ணாம்பால் குறித்து, பந்தல்காரரிடம் காட்டுங்கள். கம்பி வேண்டாத ஜிபிஎஸ் மாடலும் உண்டு. ஆனால் உயர்ந்த கட்டடம், அடர்ந்த மரத்தடியில் சிக்னல் தடுமாறும்.

விசேஷம் முடிந்ததும் பூமாலை நார்களைப் பொறுக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். நார் பிளேடு அச்சில் சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும். புல் நுனி வெளுத்துக் கிழிந்தாற்போல் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. எல்லா பிளேடையும் திருகோடு சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிளேடுகள் மாட்டிய தட்டு அதிரும்.

வேலூர் வெயிலில் பேட்டரி சூடேறினால் சார்ஜ் ஏறாது. சார்ஜிங் நிலையத்தை நிழலில் வையுங்கள், ஆனால் மட்டை விழும் தென்னைக்குக் கீழே வேண்டாம். விடியற்காலையில் ஓட்டுங்கள். குழந்தைகள் இருக்கும்போது கட்டாயம் நிறுத்திவையுங்கள். இடி இடித்தால் சார்ஜிங் நிலையத்தின் பிளக்கையும், அதில் செருகிய எல்லைக் கம்பியின் முனைகளையும் கழற்றிவிடுங்கள்.

இத்தனையும் பார்க்க ஆள் வேண்டும். இருவருக்குமே பழக்கிவிடுங்கள். தள்ளு மெஷினை விற்காதீர்கள்: ஐப்பசி, கார்த்திகையில் கால் வைத்தால் தடம் பதியும் ஈரத்தில் ரோபோவை விட்டால், சக்கரம் ஒரே இடத்தில் சுழன்று புல்லை வேரோடு பெயர்த்துவிடும்.