கம்யூனிட்டி காலேஜில் உளவியல்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை முடிக்கக்கூடிய கல்லூரியில், உளவியல் கற்பிக்கிறேன். பாடங்கள், பல்கலைக்கழகத்துக்கு மாறுவது (மாற்றல்), பட்டம் பற்றிக் கேளுங்கள். விசா விவகாரமும் மாமியார் விவகாரமும் என் துறை அல்ல.

ஒரு தாய்: மகள் உளவியல்தான் படிப்பேன் என்கிறாள். முதல் இரண்டு ஆண்டுகளைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகலாமா? எந்தெந்தப் பாடங்களை எடுக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். இறுதியில் கையில் கிடைப்பது பல்கலைக்கழகத்தின் பட்டம். மாநிலவாசிகளுக்கு இங்கே ஒரு யூனிட் (பாடத்தின் அளவு, கிரெடிட்) 46 டாலர், அதாவது மூன்று யூனிட் பாடம் 138 டாலர். சில்லறைக் கட்டணங்கள் தனி.

மாற்றலுக்கென்றே இருக்கும் அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்) 60 செமஸ்டர் யூனிட். உளவியலில் அதற்கு முதுகெலும்பு மூன்று பாடங்கள்: அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வு முறைகள். அவற்றோடு உயிரியல் அடிப்படையிலான ஒரு பாடம், பிறகு வளர்ச்சி உளவியல், சமூக உளவியல் போன்றவற்றிலிருந்து தேர்வு. பிள்ளைகள் முதல் பாடத்தை ஆசையாக எடுப்பார்கள், மற்ற இரண்டையும் கடைசி செமஸ்டருக்குத் தள்ளுவார்கள். ஆய்வு முறைகளில் சேரப் பெரும்பாலும் முதல் இரண்டையும் முடித்திருக்க வேண்டும். தள்ளினால் ஓர் ஆண்டு வீணாகும்.

அந்தப் பட்டம் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) அமைப்பில் இடம் கிடைப்பதை உறுதி செய்யும். நீங்கள் விரும்பும் வளாகத்தில் கிடைக்கும் என்று உறுதி சொல்லாது. யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கணக்கே வேறு. அங்கே ஆறு வளாகங்களில் சேர்க்கை உத்தரவாத ஒப்பந்தம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றிலும் இல்லை.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்று: போகவிருக்கும் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை ஏற்கிறது என்று ‘அசிஸ்ட்’ தளத்தில் பார்க்காமல் எதிலும் பதிவு செய்யாதீர்கள்.

எச்-4 விசாவில் (பணி விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருப்பவர்: ஐ.டி. வேலையை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கவுன்சிலர் ஆக வேண்டும். அசோசியேட் பட்டம் போதுமா மேடம்?

பதில்: போதாது. இந்த மாநிலத்தில் திருமண, குடும்ப சிகிச்சையாளர் உரிமம் பெற முதுகலைப் பட்டமும் மேற்பார்வையில் 3,000 மணி நேர அனுபவமும் வேண்டும். ‘சைக்காலஜிஸ்ட்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முனைவர் பட்டம் வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருந்தால் இன்னொன்று தேவைப்படாமலும் போகலாம். முதலில் முதுகலைத் திட்டங்களின் முன்தேவைப் பட்டியலைப் பாருங்கள். பல இடங்களில் கேட்கும் நான்கைந்து உளவியல் பாடங்களை எங்களிடமே குறைந்த செலவில் முடிக்கலாம். மாநிலவாசிக் கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

மாணவர்: நேரடியாகப் பிறழ்நிலை உளவியல் (மனநோய்களைப் பற்றிய பாடம்) எடுக்கலாமா? அதுதான் சுவாரசியமாக இருக்கிறது.

பதில்: எடுக்கலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அது மூன்றாம் ஆண்டுப் பாடம். எங்களிடம் எடுத்தது அங்கே வெறும் விருப்பப்பாட யூனிட்டாகச் சேர்ந்து, அதே பாடத்தை நீங்கள் மறுபடியும் படிக்க நேரலாம். அசிஸ்ட் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் நோய்ப்பெயர் சூட்டத் தோன்றும். சூட்டாதீர்கள்.

இன்னொருவர்: எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே முடிக்கலாமா?

பதில்: பல கல்லூரிகளில் முடியும். எஃப்-1 (மாணவர் விசா) மாணவர் என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள்.

ஒரு பொறியாளர்: கோபிக்க வேண்டாம். உளவியல் அறிவியலே இல்லை. 2015-இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது பாதிகூடத் தேறவில்லையே. இதற்குப் பட்டம் வேறா?

பதில்: கோபம் இல்லை. எண்ணை நானே தருகிறேன்: மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி பொருள்படும், அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைக் காட்டின, திரும்பச் செய்தபோது 36 சதவீதம் மட்டுமே. இதை எங்கள் மாணவர்கள் அறிமுக வகுப்பிலேயே படிக்கிறார்கள். நூறு ஆய்வுகளையும் எடுத்துச் சோதித்து, தோற்றதை ஊரறிய அச்சிட்டவர்களும் உளவியலாளர்கள்தான். தன் சரக்கைத் தானே உரசிப் பார்த்த துறையை அறிவியல் இல்லை என்பது என்ன நியாயம்?

வேறொரு வாசகர்: பொறியாளருக்கு நானே பதில் சொல்கிறேன். மார்ஷ்மெல்லோ சோதனை ஒன்று போதாதா? முன்னால் இருக்கும் மிட்டாயைச் சாப்பிடாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்றார்கள்; காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் முன்னேறினார்கள். என் மகனுக்கும் அப்படித்தான் பயிற்சி கொடுக்கிறேன்.

பதில்: ஆதரவுக்கு நன்றி, ஆனால் என் கட்சியைக் கவிழ்க்கிறீர்கள். அந்தச் சோதனையை நடத்திய உளவியலாளர் வால்டர் மிஷெல் சோதித்த குழந்தைகள் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து நர்சரிப் பள்ளிப் பிள்ளைகள். 2018-இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகிவிட்டது. குடும்பப் பின்னணியையும் ஆரம்ப அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்ததும் இன்னும் மெலிந்தது. பையன் மிட்டாயைச் சாப்பிடட்டும்.

பொறியாளர்: பார்த்தீர்களா! மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்திய அந்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையும் நாடகம்தானே? இன்னும் ஏன் கற்பிக்கிறீர்கள்?

பதில்: 1971-இல் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தினார்கள். ஒப்பிட வேறு குழு இல்லை. காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுத்தார்கள். ஒரு சோதனை எப்படி இருக்கக் கூடாது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காததால்தான் கற்பிக்கிறேன்.

என் ஆய்வு முறைகள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மேசையில் கைப்பேசி இருந்தால் கவனம் குறையுமா என்று சோதிக்க ஒரு குழு கிளம்பியது. ‘கவனத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்?’ என்றேன். விவாதித்து, இருபது சொற்களைக் காட்டி எத்தனை நினைவிருக்கிறது என்று எண்ணுவதாக முடிவு செய்தார்கள். நல்லது. பிறகு காலை வகுப்புக்குக் கைப்பேசி, மாலை வகுப்புக்குக் கைப்பேசி இல்லை என்று பிரித்தார்கள். மாலையில் வருபவர்களில் பாதிப்பேர் நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். வித்தியாசம் தெரிந்தால் அது கைப்பேசியாலா, களைப்பாலா? சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். உளவியல் பட்டம் என்பது இதுதான். மனத்தைப் படிக்கும் வித்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள்.

மாணவி: புள்ளியியல் இல்லாமல் உளவியல் படிக்க வழி உண்டா?

பதில்: இல்லை.

ஒரு தந்தை: முழுவதும் ஆன்லைனில் கிடைக்குமா?

பதில்: மேலே பாருங்கள்.

மாணவர்: ஹைஸ்கூலில் ஏ.பி. (கல்லூரி அளவிலான) உளவியல் முடித்துவிட்டேன். மறுபடியும் அறிமுகம் எடுக்க வேண்டுமா?

பதில்: ஏ.பி. தேர்வில் ஐந்துக்கு மூன்றோ அதற்கு மேலோ என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை அதை மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) ஏற்கிறதா என்பது தனிக்கேள்வி. அசிஸ்டோடு அந்தத் துறையின் பக்கத்தையும் பாருங்கள்.

இன்னொரு மாணவி: பாடநூல் விலை மலைக்க வைக்கிறது.

பதில்: ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டுள்ள அறிமுக உளவியல் நூல் இணையத்தில் இலவசம். பாடநூல் செலவில்லாத வகுப்புகளுக்குக் கால அட்டவணையிலேயே குறி இருக்கும். பதிவு செய்யுமுன் தேடுங்கள்.

பொறியாளர்: அந்த ஆய்வு முறைகள் வகுப்பில் நான் சேரலாமா?

பதில்: முதலில் அறிமுக உளவியல். புள்ளியியலை இந்தியாவில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியலை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்து, அறிக்கையோடு பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலிங் அலுவலகத்துக்குப் போங்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முந்தைய வாரம் போகாதீர்கள், வரிசை வாசல்வரை நிற்கும்.