யாரும் அவமதிக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 31 வயது; ஊர் திருநெல்வேலிப் பக்கம். தேர்வெழுதி, டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக இருக்கிறேன். கோப்புகளெல்லாம் இ-ஆபீஸ் என்ற கணினி முறையிலேயே நகர்வதால், எழுந்துபோய் ஒருவரிடம் பேச வேண்டிய தேவையே இல்லாமல் நாள் முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் மதிய உணவுக்குப் பின் எல்லோரும் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுவது போலத் தோன்றுவதால், இப்போது மேசையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். இந்தி புரிகிறது, கேலிக்குப் பதில் சொல்லும் அளவுக்கு வரவில்லை. யாரும் அவமதிக்கவில்லை, யாரும் தேடவும் இல்லை. ஞாயிறுதோறும் ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிறேன். இரவில் அம்மாவிடம் பேசுகிறேன். இருந்தும் திங்கட்கிழமை காலை நெஞ்சு கனக்கிறது. குறை என்னிடமா?

– ஒரு வாசகி, புது டெல்லி

அன்புச் சகோதரிக்கு,

குறை உங்களிடம் மட்டும் இல்லை. கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போக வேண்டியிருந்த காலத்தில், பாதி நட்பு அந்த நடையிலேயே விளைந்தது. அந்த வாய்ப்பு உங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, ஒரு கூட்டத்தில் நாமும் ஒருவர் என்ற உணர்வு இல்லாத தனிமை மற்றொன்று. ஒன்றில் நிறைவு இருந்தாலும் மற்றொன்றின் குறை தீராது என்றார். அம்மாவின் குரல் திங்கட்கிழமைக்கு மருந்தாகாததன் காரணம் இதுவே. சங்கத்தில் கிடைக்கும் கூட்டமோ ஞாயிறோடு கலைந்துவிடுகிறது.

தனிமை நீடித்தால், நிராகரிப்பின் அறிகுறிகளை மனம் தானாகவே தேடத் தொடங்கும் என்பது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேசியோப்போ தம் ஆய்வுகளில் வலியுறுத்திய கருத்து. புதிதாக ஒருவர் வந்து நின்றால் எந்தக் கூட்டத்திலும் பேச்சு ஒரு கணம் தடைபடத்தான் செய்யும். அதை விலக்கலாக எடுத்துக்கொண்டு நீங்கள் மேசைக்குத் திரும்பியிருக்க, உங்களுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் போலும் என்று அவர்களும் எண்ணி விட்டிருக்கலாம்.

ஆகவே கூட்டத்தில் சேர முயலாதீர்கள், ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பு எழுதுவதில் ஏதேனும் ஐயம் வந்தால், திரையில் அனுப்பாமல், பிரிவில் மூத்த ஒருவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். பிறரிடம் உதவி கேட்பதைக் கூச்சமாக நினைக்கும்படியே நம் வீடுகள் பிள்ளைகளை வளர்க்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. உதவியவருக்கு உங்கள் மேல் ஓர் உரிமை பிறக்கும். சில வாரங்களில் அவரோடு சேர்ந்தே வெயிலுக்குப் போங்கள். கேலிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடலையை உரித்தபடி கேட்டுச் சிரிப்பதும் கலந்துகொள்வதுதான்.

ஆனால் அலுவலகக் கூட்டங்களைப் பற்றிய தகவலையோ உங்களுக்குரிய வேலையையோ வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்றால், அது மனத்தைத் திருத்தித் தீரும் பிரச்சினை அன்று. தேதியோடு குறித்துவைத்து மேலதிகாரியிடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

உறக்கமோ பசியோ குறைந்து இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.