ஜூன் வேண்டாம் தம்பி, ஆவணி பிறக்கட்டும்

தம்பிக்கு,

தேவகோட்டையிலிருந்து டென்வருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஜூன் மாதம் அப்பச்சி வருகிறார்கள், அவர்களை மலை ஆற்றுக்கு அழைத்துப்போய் டிரவுட் மீன் பிடிக்க வேண்டும், எந்த ராடு (தூண்டில் கோல்) வாங்கலாம், எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ராடைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த ஜூனை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

நான் 22 வருடமாகக் கொலராடோவில் இருக்கிறேன். இதை எழுதும்போது கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருக்கிறேன். பங்குனி வெயில். காலையில் கண்மாய்ப் பக்கம் போய் வந்தேன். தண்ணீர் நடுவில் சுண்டிக் கிடக்கிறது, சுற்றிலும் மண் வெடித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஊத்தா, கச்சா, கூடை என்று எடுத்துக்கொண்டு ஊரே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிறையும், சித்திரை, வைகாசியில் வற்றும் என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. வெயில் ஏறினால் தண்ணீர் குறையும். இந்தக் கணக்கோடு ராக்கி மலைக்குப் போனால் ஆபத்து. அங்கே வெயில் ஏற ஏறத்தான் ஆறு பெருகும்.

காரணம் பனி. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை மலையில் விழுந்த பனியெல்லாம் அங்கேயே கிடக்கும். மே பாதியில் உருகத் தொடங்கி ஜூன் முழுக்க இறங்கும். ஜூன் மாதம் வானம் நீலமாக, வெயில் சுகமாக இருக்கும். ஆறு மட்டும் மண் கலந்து, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடும். என் முதல் வருடம் நானும் ஜூன் முதல் வாரத்தில்தான் போனேன். முழங்கால் ஆழம்தானே என்று இறங்கினேன். காலுக்கடியில் கூழாங்கல் உருண்டது. விழுந்த பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை, தண்ணீர் தள்ளிக்கொண்டே போனது. கரையோரப் புதரின் கிளை ஒன்று கைக்குக் கிடைத்ததால் வெளியே வந்தேன். வாடகைக்கு எடுத்த ராடு போனது. அந்த இடத்திலேயே செப்டம்பரில் இரண்டு மணி நேரம் கல் மேல் கல்லாக நடந்தேன், கணுக்காலுக்கு மேல் நனையவில்லை. அதனால்தான் அப்பச்சியை ஜூனில் ஆற்றில் இறக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிக்கெட்டை மாற்ற முடிந்தால் ஆகஸ்டு 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி பிறந்துவிடும். அந்தத் தேதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் உங்களுக்குச் சொல்லப்போகும் ஆறு ஆர்கன்சா. அதில் ரப்பர் படகு விடுகிறவர்களுக்காக ஜூலை 1 முதல் ஆகஸ்டு 15 வரை, மேலே உள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து திறந்துவிட்டு, வினாடிக்கு 700 கன அடி ஓடும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் கேட்டு வளர்ந்தோமே, அதே கன அடிதான். 15-ஆம் தேதி முடிந்ததும் தண்ணீர் இறங்கும், படகுக் கூட்டமும் குறையும். நான் போகிற செப்டம்பர் நாட்களில் 300, 400 என்று இருக்கும். ஓட்டத்தை அரசின் நிலவியல் துறை நேரடியாக இணையத்தில் காட்டுகிறது. வெல்ஸ்வில் என்ற இடத்தின் அளவைத் தினமும் பாருங்கள். ஒரு மாதம் பார்த்தால் ஆற்றின் குணம் பிடிபட்டுவிடும்.

டிக்கெட்டை மாற்றவே முடியாதென்றால் ஜூனில் அணையில்லாமல் ஓடும் ஆற்றை விட்டுவிடுங்கள். அணைக்குக் கீழே ஓடும் பகுதி தெளிவாக இருக்கும். ரூடி அணைக்குக் கீழே ஃப்ரையிங்பேன் ஆறு அப்படிப்பட்டது. சௌத் பிளாட் ஆற்றில் சீஸ்மன் பள்ளத்தாக்கும் அப்படித்தான், டென்வருக்குப் பக்கம். ஆனால் மலைச்சரிவில் நடந்து இறங்க வேண்டும், அப்பச்சிக்கு ஒத்துவராது. இல்லாவிட்டால் மீன் விடுகிற ஏரி ஒன்றுக்குப் போய், புழு கோத்துத் தக்கை போட்டு உட்காருங்கள். பல ஏரிகளில் அதற்கு அனுமதி உண்டு. மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து தங்கூசியில் கட்டிய கை அப்பச்சியுடையது என்றால், அன்று உங்களுக்கு அவர்கள்தான் வாத்தியார்.

சரி, ஆர்கன்சா ஆற்றுக்கு வருவோம். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இது செத்துப் பிழைத்த ஆறு. மேலே லெட்வில் ஊரில் நூறு வருடத்துக்கு மேல் சுரங்கம் தோண்டி, அந்தக் கழிவின் துத்தநாகமும் காட்மியமும் ஆற்றில் இறங்கி மீன் வளர முடியாமல் கிடந்தது. 1983-இல் அந்த இடத்தை நச்சுக் கழிவிடப் பட்டியலில் சேர்த்துத் துப்புரவு செய்யத் தொடங்கினார்கள். 2014-இல் இதன் 102 மைல் நீளத்துக்குக் கொலராடோவின் தங்கப் பதக்கத் தகுதி கொடுத்தார்கள். ஓர் ஏக்கர் தண்ணீரில் 60 பவுண்டு டிரவுட் இருக்க வேண்டும், அதில் குறைந்தது பன்னிரண்டு மீனாவது 14 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தகுதிக்கு அளவுகோல். நம் ஊரில் ஊருணிகள் குப்பை மேடாகும்போதெல்லாம் இந்த ஆறுதான் எனக்கு நினைவுக்கு வரும். 30 வருடம் பிடித்தாலும் சரி, விடாமல் செய்தால் தண்ணீர் திரும்பிவருகிறது.

டென்வரிலிருந்து 285 சாலையில் சலைடா ஊருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். நடுவில் கெனோஷா கணவாய், 10,000 அடி. சலைடா 7,000 அடி, கொடைக்கானல் உயரம்தான். அப்பச்சி விமானம் இறங்கிய மறுநாளே மலையேற்றாதீர்கள். நாலைந்து நாள் டென்வரில் இருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இதய மருந்தோ பிரஷர் மருந்தோ எடுப்பவர் என்றால் கிளம்பும் முன் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மாத்திரை கொடுத்துச் சமாளிக்க நினைக்காமல் கீழே இறங்குங்கள். லெட்வில் 10,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கே தங்க வேண்டாம். சலைடாவில் இரண்டு இரவு போதும்.

சலைடாவுக்குக் கீழே 50-ஆம் எண் சாலை ஆற்றோடு ஒட்டியே போகும். ரின்கன், வல்லி பிரிட்ஜ் என்று பொது இறங்குதுறைகள் உண்டு. மாநிலப் பூங்கா அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். நம் ஊர்க் கண்மாய் ஊருக்குப் பொது. கொலராடோவில் கரை தனியாருடையது என்றால் ஆற்றின் தரையும் அவருடையது. பொது இடத்தில் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நடந்து தனியார் எல்லைக்குள் காலை ஊன்றினாலும் அது அத்துமீறல்தான். வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிட்டுப் போங்கள், வேலியில் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். லைசென்ஸ் 16 வயது முதல் எல்லோருக்கும் வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தால் நீங்கள் உள்ளூர்க்காரர், கட்டணம் குறைவு. அப்பச்சிக்கு வெளியூர்க்காரர் கணக்கில் ஒருநாள் அல்லது ஐந்துநாள் லைசென்ஸ் எடுங்கள்.

ராடு: ஒன்பது அடி, ஐந்தாம் எண் (அது வீசும் நூலின் கனத்தைக் குறிக்கும் எண்). வாங்காதீர்கள், சலைடாவில் மீன்பிடிக் கடையில் வாடகைக்கு எடுங்கள். வேடர் என்ற ரப்பர்க் கால்சட்டையும் பூட்ஸும் அங்கேயே கிடைக்கும். வேடருக்கு மேல் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள்; விழுந்தால் உள்ளே தண்ணீர் புகாமல் காப்பது அதுதான். அப்பச்சிக்கு ஊன்ற ஒரு கோல், முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. முதல் நாள் மட்டும் ஒரு வழிகாட்டியை அமர்த்துங்கள். அரை நாளுக்குச் சில நூறு டாலர் ஆகும், அதற்கு மேல் அவருக்கு அன்பளிப்பும் தர வேண்டும். நான் மூன்று கோடையில் தட்டுத் தடுமாறிக் கற்றதை அவர் நாலு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்.

வீச்சில் நமக்குப் புதிதாக இருப்பது ஒன்றுதான். நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் நூலும் இறகும் சுற்றிய பொய்ப்பூச்சி, அதற்குக் கனமே கிடையாது. இங்கே கனம் அந்தத் தடித்த நூலில் இருக்கிறது. பின்னால் வீசி, நூல் முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் நூல் காலடியில் சுருண்டு விழும். பொய்ப்பூச்சி தண்ணீரோடு தானாக மிதந்து போக வேண்டும். நூல் அதை இழுத்தால் பூச்சிக்குப் பின்னால் மெல்லிய கோடு ஒன்று விழும், அதைப் பார்த்த டிரவுட் வராது.

மீன் எங்கே நிற்கும் என்று என்னைக் கேட்க வேண்டாம், அப்பச்சியையே கேளுங்கள். கண்மாய் நிறைந்து கலுங்கு வழிகிற நாளில் மீன் கொட்டுகிற தண்ணீரிலா நின்றது? பக்கத்தில், நுரை சுழல்கிற ஓரத்தில் நின்றது. டிரவுட்டும் அப்படித்தான். வேகமான தண்ணீர் இரையைக் கொண்டுவரும், மெதுவான தண்ணீரில் நின்றால் உடம்பு நோகாது. இரண்டும் உரசுகிற கோட்டில்தான் அது நிற்கும். பாறைக்குப் பின்னால், கரை மேட்டின் நிழலில், பள்ளம் தொடங்கும் இடத்தில். தலை எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும். அதனால் கீழிருந்து மேலாகப் போங்கள், அது உங்களைப் பார்க்காது.

முதல் வீச்சுக்கு முன் குனிந்து ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடியில் பச்சரிசி நீளத்தில் சிறு கூடுகள் ஒட்டியிருக்கும். கேடிஸ் என்ற பூச்சியின் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால், செடித் துணுக்குகளை ஒட்டிக் கட்டிய கூடு. விரலில் வைத்துப் பார்த்தால் நாலு பக்கமும் சதுரம், ஒரு முனை குறுகி வரும். நம் வளவுத் தூணை அரிசி அளவுக்குக் குறுக்கிச் செதுக்கியது போல இருக்கும். முதல் தடவை பார்த்தபோது மீனை மறந்து பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் தண்ணீர் கொஞ்சம் சூடானதும் இவை சிறகு முளைத்து மேகம் போல எழும்பும். அடுத்த வருடம் நீங்கள் தனியாக அந்தச் சமயத்தில் போங்கள், பனி உருகும் முன் கிடைக்கும் நல்ல இரண்டு வாரம் அது. ஆவணி, புரட்டாசியில் கரைப் புல்லில் வெட்டுக்கிளி நிறைந்திருக்கும். காற்று அதைத் தண்ணீரில் தள்ளும், மீன் காத்திருக்கும். ஆகவே மேலே வெட்டுக்கிளி மாதிரி ஒரு பொய்ப்பூச்சி, அதன் முள்ளிலிருந்து இரண்டடி நூலில் கேடிஸ் புழு மாதிரி ஒன்று. மேலே உள்ளது தக்கையாகவும் வேலை செய்யும். அது சட்டென்று முங்கினால் தூக்குங்கள். தக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே வரும்.

இந்த ஆற்றில் பெரும்பாலும் பிரவுன் டிரவுட். 1880-களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த இனம். பக்கவாட்டில் வெண்ணெய் மஞ்சள், கரும்புள்ளி, நடுநடுவே வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. கொலராடோவின் சொந்த மீன் கட்த்ரோட். தாடைக்கடியில் சிவப்புக் கீற்று இருந்தால் அதுதான், கட்டாயம் விட்டுவிடுங்கள்.

விடுவது பற்றி அப்பச்சி கேட்பார்கள். என் ஆத்தா கேட்டார்கள்: "திங்காத மீனை எதுக்குப் பிடிக்கிறே?" எனக்கு அன்று பதில் வரவில்லை. உண்ணுவதற்காகப் பிடித்துப் பழகியவர்களிடம் அது சரியான கேள்வி. இன்று நான் நினைப்பது இது: சட்டம் அனுமதிக்கிற இடத்தில், ஏரியில் விடுகிற ரெயின்போ டிரவுட்டில் இரண்டை வீட்டுக்கு எடுத்துவந்து மிளகு, மஞ்சள், உப்பு மட்டும் தடவி வறுத்துச் சாப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை. புளிக்குழம்பு வேண்டாம், மெல்லிய சதை, ருசி அமுங்கிவிடும். ஆற்றில் தானாகப் பெருகும் பிரவுனை நான் எடுப்பதில்லை. முள்ளின் கொக்கிப் பல்லைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். மீனின் தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கும்படி தண்ணீரில் பிடியுங்கள், செவுள் நாலைந்து தடவை திறந்து மூடும், பிறகு உங்கள் உள்ளங்கையைத் தள்ளிவிட்டுப் போகும். அந்தத் தள்ளலை அப்பச்சியின் கையில் நடக்க விடுங்கள். தண்ணீர் 67 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மீன் பிடிப்பதையே நிறுத்துங்கள், விட்டாலும் அது பிழைப்பது கஷ்டம்.

காலை ஏழு மணிக்கு இறங்குங்கள். ஆகஸ்டில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். ராடு கிராஃபைட், மின்சாரம் பாயும். முதல் இடி கேட்டதும் அதைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், புளியோதரை தாங்கும். மிச்சத்தைக் கரையில் கொட்டாதீர்கள், கரடி வரும். கொசு மருந்தைத் தடவிய கையால் நூலைத் தொடாதீர்கள், அதன் பூச்சு கரைந்துவிடும்.

நான் வைகாசி பிறந்ததும் திரும்புகிறேன். அப்பச்சியின் தேதியை மாற்ற முடிந்ததா என்று எழுதுங்கள். ரின்கனுக்குப் பக்கத்தில் சாலையிலிருந்து முப்பதடியில், உட்காரத் தட்டைப் பாறையோடு ஓர் இடம் இருக்கிறது, வரைந்து அனுப்புகிறேன்.